பெயர் கொடுப்பதா, விடுவதா?



நவம்பர் மாதம் பிறந்தால் எங்கள் கத்தோலிக்கக் கிராமங்களில் முதல் வேலை சேமக்காலையைத் துப்புரவாக்குவதுதான். புல்லுச் செருக்கி, சிலுவைகளுக்கு வெள்ளை அடித்து, 2ஆம் திகதி குழிகளின் மேல் மெழுகுதிரி கொளுத்துவோம். மரித்த ஆன்மாக்களின் நினைவு நாள் அது. அதற்கு முன்னரே கோயிலில் பெயர்களைக் கேட்பார்கள். வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால், அந்த மாதப் பூசைகளில் அவர்களுக்காக மன்றாடுவார்கள்.

அந்தத் துண்டைப் பற்றித்தான் இம்மாதம் பேச வந்தேன். 2009ஆம் ஆண்டுக்குப் பிறகு வன்னியிலும் மன்னாரிலும் எத்தனையோ தாய்மாரும் மனைவிமாரும் இதை என்னிடம் தனியாக, குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள். "அக்கா, நான் என்ரை பிள்ளையின்ரை பேரைக் குடுக்கலாமோ? குடுத்தால் அவன் செத்துப்போனான் எண்டு நானே சொன்ன மாதிரி ஆகாதோ? குடுக்காமல் விட்டால், ஒருவேளை அவன் இல்லையெண்டால், அவன்ரை ஆத்துமத்துக்கு ஆர் மன்றாடுறது?"

சைவச் சகோதரிகளுக்கும் இந்தச் சங்கடம் புதிதல்ல. ஆண்டுத் திவசம் செய்வதா, விடுவதா, பொட்டை அழிப்பதா, வைப்பதா என்று அவர்களும் இதே முள்ளின் மேல்தான் நிற்கிறார்கள். நான் எனக்குத் தெரிந்த கிறிஸ்தவ வழியில் நின்று பேசுகிறேன். உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெண்களுக்கு இரண்டு பக்கத்தாலும் ஆலோசனை வருகிறது. ஒரு பக்கம், "கடவுள் வல்லவர், விசுவாசம் இருந்தால் பிள்ளை வருவான், பெயரைக் கொடுத்தால் உனக்கு விசுவாசம் இல்லை" என்பார்கள். மறுபக்கம், "எல்லாம் கடவுள் சித்தம், ஏற்றுக்கொண்டு மற்ற வேலையைப் பார்" என்பார்கள். இரண்டும் தேவ நம்பிக்கையின் பெயரால்தான் சொல்லப்படுகின்றன. இரண்டுமே அந்தத் தாயின் முதுகில் விழுகிற தடி என்பதுதான் என் எண்ணம்.

முதல் பேச்சை எடுப்போம். போதிய விசுவாசம் இருந்தால் கேட்டது கிடைக்கும், கிடைக்காவிட்டால் குறை கேட்டவரிடம். இப்படிச் சொல்லும் செபக் கூட்டங்கள் எங்கள் ஊர்களில் பெருகியிருக்கின்றன. வந்திருக்கும் பெண் காதில் கிடந்த தோட்டையும் காணிக்கையாகக் கழற்றிக் கொடுக்கிறாள். பிள்ளை வரவில்லை. அடுத்த கூட்டத்தில் அவளுடைய விசுவாசம் போதாது என்கிறார்கள். இழந்தவளையே குற்றவாளியாக்கும் இந்தப் போதனைக்கு வேதாகமத்தில் இடமில்லை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தம் துன்பம் தம்மைவிட்டு நீங்க வேண்டுமென்று கேட்டார், நீங்கவில்லை. பவுல் தம்மை வருத்திய முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் மன்றாடினார், எடுபடவில்லை. இவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்தப் போதகராவது சொல்லுவாரா?

இதற்கு அண்ணன் தம்பி போல இன்னொரு பேச்சும் உண்டு. "என்ன பாவம் செய்தாளோ." இயேசுவின் காலத்திலும் சனங்கள் இப்படித்தான் கேட்டார்கள். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே மறுமொழி சொன்னார். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் அவர் சொன்ன பதில், இரண்டுமில்லை என்பதுதான். லூக்கா 13, யோவான் 9. உங்களிடம் யாராவது பாவக் கணக்குப் பார்க்க வந்தால் இந்த இரண்டு அதிகாரங்களையும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் சொந்த மண்ணில் பாருங்கள். 1995 யூலை 9ஆம் திகதி நவாலியில், இராணுவ நடவடிக்கையிலிருந்து தப்பி ஓடிவந்த சனங்கள் புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தார்கள். விமானக் குண்டுவீச்சில் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். 1999 நவம்பர் 20ஆம் திகதி மடுக் கோயிலில் ஷெல் விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். அவர்களும் அடைக்கலம் தேடி வந்தவர்கள்தான். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தபோது அங்கிருந்தவர்கள் செபிக்க வந்தவர்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள். கடவுளின் வீட்டுக்குள்ளேயே இது நடந்தது. இவர்களெல்லாம் நம்பிக்கை இல்லாதவர்கள் என்று சொல்ல எவருக்கு நாக்கு எழும்பும்?

அப்படியானால் கடவுளின் வல்லமை எங்கே என்ற கேள்வி வருகிறது. வரத்தான் வேண்டும். ஷெல்லைத் திருப்பி அனுப்புகிற வல்லமை அது இல்லை என்பதை நாங்கள் அனுபவத்தில் கண்டுவிட்டோம். கிறிஸ்தவ விசுவாசம் சொல்வது வேறொன்று. அடிபட்டு, நிர்வாணமாக்கப்பட்டு, அரச ஆணையின்படி சிலுவையில் கொல்லப்பட்ட ஒருவரிடம் கடவுளைக் கண்டோம் என்று அது சொல்கிறது. அந்தக் கடவுள் கொல்லப்பட்டவனோடு கிடக்கிறார், கொன்றவனோடு இல்லை. கொலை கடைசிச் சொல்லாக நிற்க விடமாட்டார் என்பதே உயிர்ப்பு. இது என் துயரத்துக்கு விளக்கமாகாது. ஆனால் துயரத்தில் நான் கூப்பிடுகிறவருக்குத் துயரம் தெரியும் என்று காட்டுகிறது. மடு மாதாவின் சொரூபம் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பிய குடும்பங்களோடு மாந்தையிலிருந்து காட்டுக்கு வந்தது என்பது எங்கள் வரலாறு. 2008 ஏப்ரலில் அது மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், ஓகஸ்டில்தான் திரும்பியது. "மாதாவும் எங்களை மாதிரி மூட்டை கட்டினவ" என்று ஒரு ஆச்சி சொன்னதை நான் எந்தப் பிரசங்கத்தையும்விட மேலாக வைத்திருக்கிறேன்.

இரண்டாவது பேச்சு, "ஏற்றுக்கொள், அழாதே" என்பது. யோபுவைப் பொறுமைக்கு உதாரணமாகக் காட்டாத பிரசங்கியார் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதல் இரண்டு அதிகாரங்களில்தான் யோபு பொறுமையாக இருக்கிறார். பிறகு அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். பார்க்க வந்த மூன்று நண்பர்களும் ஏழு நாள் இரவு பகலாக வாய் பேசாமல் நிலத்தில் கூட இருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல வேலை அது ஒன்றுதான். பிறகு வாயைத் திறந்து, உன் பாவம்தான் காரணம் என்று விளக்கத் தொடங்கினார்கள். கடைசியில் கடவுள் கண்டித்தது அந்த விளக்கக்காரரை. யோபு பேசினதே சரி என்றார்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். யோபுவின் மனைவியும் அதே பத்துப் பிள்ளைகளைத்தான் பறிகொடுத்தாள். பெற்றவள் அவள். புத்தகத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. அவள் சொன்ன ஒரு கோபமான பேச்சை மட்டும் எழுதி, காலங்காலமாக அவளை ஏசுகிறோம். முடிவில் மறுபடி பத்துப் பிள்ளைகள் பிறந்தார்களாம். போன பிள்ளைக்கு வந்த பிள்ளை ஈடாகுமா என்று எங்கள் ஊர்த் தாய் ஒருத்தியிடம் கேட்டிருந்தால் அந்த முடிவு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அழுகையை அடக்குவது விசுவாசம் அல்ல. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முறைப்பாடும் புலம்பலும்தான். அவற்றில் 88ஆம் சங்கீதம் தனி. மற்றப் புலம்பல்கள் எப்படியோ ஒரு நம்பிக்கை வார்த்தையில் போய் முடியும். இது இருளிலேயே முடிகிறது. ஆறுதல் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் திருச்சபை அதை எடுத்து வீசவில்லை. குருமாரும் கன்னியரும் வெள்ளிக்கிழமை தோறும் படுக்கைக்குப் போகுமுன் சொல்லும் செபத்தில் அதை வைத்திருக்கிறது. எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்த பின்னர் பாடப்பட்ட புலம்பல் ஆகமமோ, அழிந்த நகரத்தை ஒரு கைம்பெண்ணாக உட்காரவைத்து அழவைக்கிறது. எங்கள் ஒப்பாரி தெரிந்தவர்களுக்கு அது புது இடம் அல்ல. கடவுளிடம் ஏசி அழுகிறவள் கடவுளை விட்டுப் போகவில்லை. விட்டுப் போனவள் ஏசமாட்டாள்.

இனி அந்தத் துண்டுக்கு வருவோம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி உயிருள்ளவர், இறந்தவர் யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம். பலருக்கு இது தெரியாது. பூசைக் கருத்துக் கொடுக்கும்போது அவர் உயிரோடிருக்கிறாரா, இல்லையா என்று நீங்கள் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பெயரை மட்டும் கொடுக்கலாம். "எங்கிருந்தாலும் அவருக்காக" என்று எழுதலாம். நவம்பர்ப் பட்டியலில் சேர்க்க மனம் ஒப்பவில்லையா, அவருடைய பிறந்த நாளிலே ஒரு பூசை கேளுங்கள். பங்குத்தந்தையிடம் நேரே போய், இறந்தோர் பட்டியலில் வாசிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர் இருந்தால் பக்கத்துப் பங்குக்குப் போங்கள். இயேசு சதுசேயருக்குச் சொன்ன பதிலின்படி, கடவுளுக்கு முன்னால் எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள்தானே. பட்டியல் எங்களுக்குத்தான் இரண்டு.

புரட்டஸ்தாந்து சபைகளில் இறந்தவர்களுக்கான பூசை வழக்கம் இல்லை. ஆனால் ஆராதனையில் மன்றாட்டு வேளையில் பெயரைச் சொல்லிச் செபிக்கும்படி போதகரைக் கேட்கலாம்.

நாட்டின் சட்டமே இந்த நடுவிடத்தைக் காணக் காலம் எடுத்தது. மரணச் சான்றிதழ் எடு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று நின்ற நிலையில், ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016ஆம் ஆண்டில்தான் சட்டம் செய்தார்கள். அதை எடுப்பதா என்பதிலும் பெண்களுக்குள் இரண்டு கருத்து உண்டு. காணியும் வங்கிக் கணக்கும் கணவர் பெயரில் இருக்கையில் எடுத்தவளை நான் குறை சொல்லமாட்டேன். எடுக்காதவளையும் குறை சொல்லமாட்டேன். சான்றிதழ் எடுத்தவள் தேடுவதை நிறுத்திவிட்டாள் என்று அர்த்தமில்லை. பூசைக்குப் பெயர் கொடுத்தவளும் அப்படித்தான்.

தேடுகிறவள் கடவுளை நம்பாதவள் என்று சொல்பவர்களுக்காக ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். கோயில்களில் இது அபூர்வமாகத்தான் பிரசங்கிக்கப்படுகிறது. அவள் பெயர் ரிஸ்பாள், சவுல் அரசனின் மறுமனையாட்டி. சவுல் இறந்து தாவீது அரசனான பிறகு நாட்டில் மூன்று வருடம் பஞ்சம். சவுல் கிபியோனியருக்குச் செய்த கொலைகளுக்குப் பழியாக அவனுடைய வம்சத்தில் ஏழு ஆண்களைக் கேட்டார்கள். தாவீது கொடுத்தான். ஏழு பேரையும் மலையில் கொன்று தொங்கவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் ரிஸ்பாள் பெற்ற பிள்ளைகள்.

அவளால் ஒன்றையும் தடுக்க முடியவில்லை. அரசியல் தீர்ப்பு அது, அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் ஒரு சாக்குத் துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையில் விரித்தாள். வாற்கோதுமை அறுவடை தொடங்கின நாளிலிருந்து, வானத்திலிருந்து மழை விழும் வரைக்கும் அங்கேயே இருந்தாள். மாதக்கணக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அந்த உடல்களில் நெருங்க விடவில்லை. தன் இரண்டு பிள்ளைகளோடு மற்ற ஐந்து பேரையும் சேர்த்துத்தான் காத்தாள்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் கொட்டில் போட்டு உட்கார்ந்தபோது எனக்கு ரிஸ்பாளின் நினைவுதான் வந்தது. அவளுக்காவது காக்க உடல்கள் இருந்தன. இவர்களின் மடியில் படம்தான் இருந்தது. வெயிலிலும் மழையிலும் அந்தப் போராட்டம் ஆண்டுக் கணக்கில் நீண்டது. பதில் கிடைக்காமலே கண்ணை மூடிய தாய் தகப்பன்மார் பலர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சைவமா, கத்தோலிக்கமா என்று அங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை.

ரிஸ்பாள் செபித்தாள் என்றோ அழுதாள் என்றோ வேதாகமத்தில் எழுதவில்லை. அவள் பேசின ஒரு வார்த்தை கூட இல்லை. அவள் செய்ததைத் தாவீதுக்கு அறிவித்தார்கள் என்று மட்டும் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் அரசன் எழும்பினான். சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் தேடியெடுப்பித்து, தொங்கவிடப்பட்டவர்களின் எலும்புகளையும் பொறுக்கிச் சேர்ப்பித்து, அவர்களுடைய முன்னோரின் கல்லறையில் அடக்கம் பண்ணுவித்தான். பஞ்சம் தீர அந்த ஏழு பேரின் கொலை போதும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் நாட்டுக்கான வேண்டுதலைக் கடவுள் கேட்டருளினார் என்ற வசனம், கொலைக்குப் பின்னால் வரவில்லை, அடக்கத்துக்குப் பின்னால்தான் வருகிறது.

சாமுவேலின் இரண்டாம் புத்தகம், 21ஆம் அதிகாரம், முதல் 14 வசனங்கள். இடம்பெயர்வில் வேதாகமத்தைத் தொலைத்தவர்கள் கோயிலில் கேட்டு வாசியுங்கள். வாசிக்கக் கண் தெரியாத ஆச்சிமாருக்குப் பேரப்பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும்.