வாசிக்கக் கற்பித்தோம், வினவக் கற்பித்தோமா?

2018 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆந் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. காரணம் யாது? கறியில் ஒரு மாக்கட்டி கிடந்தது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை அதுவென ஒருவர் கூச்சலிட்டார். கூட்டம் கூடியது. சிங்களம் அரைகுறையாகவே அறிந்த கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டு, "போட்டாயா, இல்லையா?" என்று உறுக்கினர். மாவைப் பற்றியே கேட்கிறார்கள் என்றெண்ணிய அவர், ஆம் என்று பொருள்படும்படி ஏதோ சொன்னார். ஒரு கைத்தொலைபேசி அதைப் படம்பிடித்தது. "குற்றவாளியே ஒப்புக்கொண்டான்" என்ற தலைப்போடு அப்படம் நாடெங்கும் ஓடியது.

பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அது மாக்கட்டியே என்றார். ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகில் இல்லையென மருத்துவ உலகம் சொன்னது. சொல்லி என்ன பயன்? மார்ச் முதல் வாரத்தில் தெல்தெனியாவிலும் திகனையிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டினுள்ளே ஓர் இளைஞர் மாண்டார். மார்ச் 6 ஆந் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கண்டிக் கலவரத்துக்கு வேறொரு மரணம் உடனடிக் காரணமாயிருந்தது உண்மையே. ஆயினும் எரிவதற்கு ஆயத்தமாக விறகை அடுக்கி வைத்தது எது என்பதை எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நியாயவாதி என்ற முறையில் அந்தப் படத்தைப் பன்முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பொலிஸ் அதிகாரிக்கு அளித்த குற்ற ஒப்புதலைக்கூட எதிரிக்கு எதிராக நிரூபிக்க இடங்கொடாதது நமது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம். அந்தக் காப்பை 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் கழற்றி எறிந்ததையும், தாம் அறியாத சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல்களின் கீழ் நம் இளைஞர் ஒப்பமிட நேர்ந்ததையும் நாம் மறந்தோமில்லை. ஆகவே அம்பாறைக் கடைக்காரருக்கு நேர்ந்தது தமிழ்பேசும் மக்களுக்குப் புதியதன்று. புதியது ஒன்றே: நீதிபதியின் ஆசனத்தில் இம்முறை அமர்ந்திருந்தோர் பதினெட்டும் இருபதும் வயதான பிள்ளைகள். படத்தை நம்பினார்கள்; பகிர்ந்தார்கள்; சிலர் வீதியிலும் இறங்கினார்கள்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அப்படம் பொய்யாகப் புனையப்பட்டதன்று. மாக்கட்டி மெய், கேள்வி மெய், விடையும் மெய். பொய் எங்கேயிருந்தது? கேள்வியையும் விடையையும் பொருத்திய பொருத்திலே இருந்தது. நம் பள்ளிக்கூடங்கள் எழுத்தை வாசிக்கக் கற்பிக்கின்றன. பொருத்தை நோக்க எவருக்கும் கற்பிக்கவில்லை. இதுவே என் குற்றச்சாட்டு.

கைத்தொலைபேசி வந்துதான் பிள்ளைகள் கெட்டார்கள் என்போருக்கு 1958 ஐ நினைவூட்டுகிறேன். மே 22 ஆந் திகதியே பொலன்னறுவைப் புகையிரத நிலையத்தில் வன்முறை தொடங்கிவிட்டது. நாட்கள் சில கழிந்தபின் நுவரெலியாவின் முன்னாள் நகரபிதா ஒருவர் மட்டக்களப்புப் பகுதியிற் கொல்லப்பட்டார். மே 26 ஆந் திகதி வானொலியிற் பேசிய பிரதமர் பண்டாரநாயக்கா, அக்கொலையைக் குறிப்பிட்டு, அதன் விளைவாகவே பிற இடங்களில் வன்செயல்கள் நிகழ்ந்தன என்ற பொருளிற் பேசினார். கொலை நடந்தது மெய். வன்செயல்கள் நடந்ததும் மெய். "அதன் விளைவாக" என்ற சொற்களிலேதான் விஷம் இருந்தது. முந்தியது பிந்தியதாயிற்று, அடி வாங்கியவன் அடித்தவனானான். முகநூல் அன்று ஏது? அரசாங்கத்தின் வானொலி, பிரதமரின் குரல், இரண்டு சொற்கள் போதுமாயிருந்தன.

அச்சேறிய நாளேடும் இதற்கு விலக்கன்று. 2019 மே 23 ஆந் திகதி சிங்கள நாளேடொன்று, முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று முதற்பக்கத்தில் முழங்கியது. மறுநாள் குருநாகல் மருத்துவர் ஒருவர் கைதானார். குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்துக்கு அறிவித்தது. காலம் கடந்து அவர் மீண்டும் சேவையிற் சேர்க்கப்பட்டார். மாக்கட்டியும் நாலாயிரமும் ஒரே கதையின் இரு அத்தியாயங்கள் அல்லவா? முன்னதைக் கேட்டுப் பழகிய காதே பின்னதை நம்பியது.

விளம்பரமும் இதே வித்தையையே செய்கிறது. செய்தி சினத்தை மூட்டுமிடத்தில் அது ஆசையை மூட்டுகிறது. இந்தியாவில் 1975 இல் விற்பனைக்கு வந்து நம் நாட்டுக் கடைகளிலும் குவிந்த 'ஃபெயார் அன்ட் லவ்லி' களிம்பை அறியாத தமிழ் வீடு உண்டா? கரிய நிறப் பெண்ணொருத்தி வேலை கிடைக்காது வாடுவாள், களிம்பு பூசுவாள், வெளுப்பாள், வேலையும் வரனும் வந்து சேரும். களிம்பு வேலை தரும் என்று அவ்விளம்பரம் வாயாற் சொல்லவேயில்லை! இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தது. எஞ்சியதைப் பார்ப்பவளின் மனமே பொருத்திக்கொண்டது. உலகெங்கும் நிறவெறிக்கெதிராக எழுந்த குரலுக்குப்பின் 2020 இல் அக்களிம்பின் பெயர் மாற்றப்பட்டது. தன் தோலைப் பார்த்து வெட்கப்பட்டு வளர்ந்த பெண்கள் இரு தலைமுறையினர் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். அவர்களை எந்தப் பெயர்மாற்றம் தேற்றும்?

வெட்கத்தோடு முடிவனவும் உள. சிறையில் முடிவனவும் உள. தாய்லாந்திற் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று சமூக ஊடகங்களிற் கண்ட விளம்பரத்தை நம்பிச் சென்ற இலங்கை இளைஞர் பலர், மியன்மாரின் மியாவடியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைபட்டு, அடியும் உதையும் பட்டு, பிறநாட்டாரை ஏமாற்றும் தொழிலுக்கு உட்படுத்தப்பட்டனர். 2023, 2024 ஆம் ஆண்டுகளில் அவர்களை மீட்க அரசு பெரும்பாடு பட்டது. அனுமதிப்பத்திரம் பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆட்திரட்ட முடியாதென 1985 ஆம் ஆண்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் சொல்கிறது. "உமது அனுமதிப்பத்திர இலக்கம் யாது?" என்ற ஒரு கேள்வி! பதின்மூன்று ஆண்டு படித்த பிள்ளைக்கு அதனைக் கேட்க வேண்டுமென்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லையே.

இந்நோய்க்கு அரசு தரும் மருந்து என்ன? 2018 மார்ச்சில் ஒரு வாரம் சமூக ஊடகங்களை முடக்கிற்று, பிள்ளைகள் வி.பி.என். வழியாகப் புகுந்துகொண்டார்கள். 2024 இல் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் ஜனாதிபதி நியமிக்கும் ஐவர், எது பொய்யென்று தீர்மானிப்பார்களாம். 1973 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தாலே லேக் ஹவுஸ் நிறுவனத்தைக் கைப்பற்றிப் பத்திரிகைகளை நடத்தும் அரசு, வானொலியும் தொலைக்காட்சியும் வைத்திருக்கும் அரசு, செய்தி வழக்கில் ஒரு கட்சிக்காரன் அன்றோ? தன் வழக்கிலே தானே நீதிபதியாதல் தகாதென்பது சட்டக் கல்லூரியின் முதலாண்டு மாணவனும் அறிந்தது.

அத்தகைய அதிகாரம் யார்மேற் பாயும் என்பதற்கும் சான்று உண்டு. தமிழிற் கவிதை நூலொன்று எழுதிய இளம் முஸ்லிம் ஆசிரியர் ஒருவர், 2020 மே மாதத்திற் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2023 டிசெம்பரிலேதான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மாக்கட்டிக்குக் கூச்சலிட்டவரை அந்தச் சட்டம் தேடிப்போனதாக நான் அறியேன்.

பாடசாலையில் ஒன்றுமேயில்லை என்றும் சொல்வதற்கில்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்றொரு பாடம் உண்டு. விரும்பியோர் எடுக்கும் பாடம். ஊடகத்தின் பணிகள் அறிவூட்டல், கல்வியூட்டல், மகிழ்வூட்டல் என எழுதினாற் புள்ளி கிடைக்கும். விற்றல் என்ற நான்காம் பணியை எழுதும் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்குமோ, ஏச்சுக் கிடைக்குமோ, யானறியேன்! விரும்பியோருக்கு மட்டும் நீந்தக் கற்பித்து எல்லாரையும் கடலில் இறக்கியிருக்கிறோம்.

சிங்கள ஏடுகளையும் அரசையும் மாத்திரம் கூண்டில் ஏற்றிவிட்டு இறங்க எனக்கு மனமில்லை. 2019 இல் முஸ்லிம்களைப் பற்றிய அவதூறுகளை அப்படியே தமிழாக்கி, "சற்றுமுன் அதிர்ச்சி" என்று தலைப்பிட்டு விற்ற நம்மவர் தளங்களையும் கண்டோம். தமிழ்பேசும் மக்கள் என்று மேடையில் ஒன்றாகச் சொல்லிவிட்டு இரவிலே இவ்வாறு பிரித்துத் தின்பதும் ஒரு பிழைப்பா? நானும் தூய்மையானவனல்லேன். முந்நூறு பேர் வந்த கூட்டத்துக்கு "ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்" என்று அறிக்கை எழுதியனுப்பிய கை இந்தக் கை. வேறொரு நாளிற் பிடித்த படத்தை அதனோடு சேர்த்தவனும் நானே. மறுவாரம் கல்லூரி மாணவன் ஒருவன் வந்து, "ஐயா, படத்தில் மர நிழல் காலையை அல்லவா காட்டுகிறது, கூட்டம் மாலையில் அல்லவா நடந்தது?" என்று கேட்டான். கோபம் வந்தது எனக்கு! அவனைப் போல் நூறு பேர் வேண்டும் என்ற எண்ணம் வீடு சென்ற பிறகே வந்தது.

ஆதலால் அரசு பாடத்திட்டம் வகுக்கும்வரை கைகட்டி நிற்பானேன்? நம் ஊர்களிற் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. காலையில் வாங்குமேசையிற் பத்திரிகையை விரித்து வைத்து நாலுபேர் நாலு விதமாக வாதிட்ட திண்ணைகள் அவை. இன்று பலவற்றிற் பத்திரிகை உண்டு, வாதம் இல்லை. வாரத்தில் ஒரு மாலை இளைஞரைக் கூட்டுங்கள். ஒரே நிகழ்வைப் பற்றிய தமிழ், சிங்கள, ஆங்கில ஏடுகளின் செய்தியைப் பக்கம் பக்கமாக வையுங்கள். சிங்களம் அறிந்த ஒருவர் வாய்விட்டு வாசித்துப் பொருள் சொல்லட்டும். யார் கண்டது, யார் சொன்னது, யார் பணம் கொடுத்தது, எந்த இரண்டை எந்தச் சொல் பொருத்துகிறது என்று குறுக்கு விசாரணை செய்யட்டும். நம் கட்சி அறிக்கையையும் அந்த மேசையிற் போடுங்கள்; தப்பவிடாதீர்கள்.

நம் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்வி அமைச்சின் செலவின விவாதத்திற் கட்டடமும் ஆசிரியர் இடமாற்றமும் கேட்கிறீர்கள், கேளுங்கள். செய்தியையும் விளம்பரத்தையும் விசாரிக்கும் பாடம் ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக வேண்டுமென்றும், அது தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்றும் கேளுங்கள். முதற் பாடமாக அம்பாறைப் படத்தை வைக்கச் சொல்லுங்கள்: அந்தக் கடைக்காரரிடம் சிங்களத்திற் கேட்கப்பட்டது என்ன, தமிழில் அவர் விளங்கிக்கொண்டது என்ன என்ற இரண்டையும் பக்கத்திற் பக்கம் அச்சிட்டு.