உள் நெட்வொர்க்குதானேப்பா!

"உள் நெட்வொர்க்குதானேப்பா, டெல்நெட் இருந்துட்டுப் போகட்டுமே." போன வாரம் ஒரு மீட்டிங்கில் மறுபடியும் இந்த வசனம். வயித்தெரிச்சல் தாங்காமத்தான் இந்தப் பதிவு.

பொட்டி தட்டாத புண்ணியவான்களுக்காக ஒரு சின்ன விளக்கம். டேட்டா சென்டரில் இருக்கும் ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாத்துக்கும் சீரியல் கன்சோல் போர்ட் ஒண்ணு உண்டு. அந்தக் கேபிள்களை எல்லாம் ஒரே பெட்டியில் செருகினால் அதுதான் கன்சோல் மேனேஜர். நெட்வொர்க் மொத்தமா படுத்துட்டாலும் உள்ளே போறதுக்கான கொல்லைப்புறக் கதவு.

அந்தக் கதவை நம்மாளுங்க எப்படி வெச்சிருக்காங்க? டெல்நெட் ஆன். பாஸ்வேர்டே கேட்காத டிஎஃப்டிபி ஆன். எஸ்என்எம்பி கம்யூனிட்டி பெயர் 'பப்ளிக்'. பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டார்கள் என்று பின்லாந்துக்காரர் தாத்து உலோனென் எஸ்எஸ்ஹெச் எழுதியது 1995-ல். அதுவும் உள் நெட்வொர்க்குதான் சாமிகளா!

"நாங்க டெல்நெட்டை மூடிட்டோம்" என்று காலரைத் தூக்கிவிடுபவர்களுக்கும் ஒரு கேள்வி. கன்சோல் லாக் எங்கே போகுது? "என்எஃப்எஸ் ஷேருக்கு." அடப்பாவிகளா! எஸ்எஸ்ஹெச்சில் பூட்டிக் கொண்டுவந்த அதே செஷனை, என்எஃப்எஸ் பதிப்பு 3-ல் அப்பட்டமா வயரில் அனுப்பறீங்க. வழக்கமான செட்டிங்கில், நான்தான் இன்ன யூஐடி என்று கிளையன்ட் சொன்னால் சர்வர் நம்பிவிடும். அந்த லாக்கில் யாரோ அடித்த 'ஷோ ரன்' முழுசா கிடக்கும். சிஸ்கோ டைப் 7 பாஸ்வேர்டை அதிலிருந்து திருப்பி எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. முன்பு நான் ஆணி புடுங்கிய இடத்தில் ஒரு ராத்திரி கோர் ஸ்விட்ச் மண்டையைப் போட்டது. கடைசியா அது என்ன சொல்லிட்டுச் செத்ததுன்னு பார்க்க லாக்கைத் திறந்தால், சாவதற்குச் சில நொடி முன்னாடியே லாக் நின்னு போயிருக்கு. ஏன்னா என்எஃப்எஸ் சர்வருக்கு வழியே அந்த ஸ்விட்ச் வழியாத்தான்! ஹார்ட் மவுன்ட் வேற. லாக் எழுதுற ப்ராசஸ் பதிலுக்காகக் காத்து அப்படியே தொங்கிடுச்சு. ராத்திரி 2 மணிக்கு லேப்டாப்பும் நீலக் கேபிளுமா டேட்டா சென்டருக்கு ஓடினேன். ஏசி குளிரில் நடுங்கிக்கிட்டு நிக்கறப்ப மேனேஜர் போனில் கேட்கிறார், "லாக் இருக்குமே?"

பெரிய இடங்களும் இதுக்கு விலக்கில்லை. 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக் மணிக்கணக்கில் முடங்கியபோது, தனியா வைத்திருந்த மாற்று வழியும் சேர்ந்தே போச்சு, ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியதாச்சு என்று அவங்களே எழுதினாங்க.

தேவையில்லாத சர்வீஸை அணைக்கக் காசா பணமா? மேனேஜ்மென்ட்டுக்குத் தனி ஸ்விட்ச் போடுங்க. லாக்கை முதலில் பெட்டிக்குள்ளேயே எழுதிட்டு, அப்புறம் ஒரு பிரதியை வெளியே அனுப்புங்க. என்எஃப்எஸ்தான் வேணும்னா பதிப்பு 4, கெர்பரோஸ் என்கிரிப்ஷனோட. பெட்டி அதைத் தாங்கலைன்னா டிஎல்எஸ் மேல சிஸ்லாக்.

"அதெல்லாம் செலவுப்பா" என்பவர்களிடம் அடுத்த மீட்டிங்கில் நான் வாதாடப் போறதில்லை. கோர் ஸ்விட்ச் அப்லிங்க்கைப் பிடுங்கிடுறேன், உங்க சீட்டிலிருந்தே கன்சோலுக்குள்ள வந்து காட்டுங்கன்னு சொல்லப் போறேன்.