யாருக்கு நன்றி? எதற்கு நன்றி?

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை கனடாவில் விடுமுறை நாள். அந்நாட்டார் அதனை நன்றி கூறும் நாளாகக் கொண்டாடுகின்றனர். வயல்களில் அறுவடை முடிந்து, கடுங்குளிர் தொடங்குமுன் குடும்பத்தார் ஒன்றுகூடி, வான்கோழி சமைத்து, பூசணிக்காயில் இனிப்புப் பண்டம் செய்து உண்பர். அவ்வாண்டு நிலம் தந்த விளைச்சலுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துவதே நாளின் நோக்கம். ரொறன்ரோவில் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றிலும் இப்போது இது நடைபெறுகிறது. வான்கோழிக்கும் நமது கறித்தூளே போடப்படுகிறது என்று கேள்வி. போடட்டும்.

எங்கோ உள்ள கனடாவின் பண்டிகையை இங்கே எடுத்துப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. "உயிரோடு இருக்கிறீர்களே, அதற்கு நன்றி சொல்லுங்கள்" என்ற சொல்லை இடம்பெயர்ந்த நம் குடும்பங்கள் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருக்கின்றன. வன்னியில் வயலை விட்டு ஓடி வந்தவரிடம் அன்று இதைச் சொன்னார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் மண்சரிவுக்குக் கொடுத்தவரிடமும் இதையே சொல்கிறார்கள். நன்றியுணர்வு நல்ல குணம்தான். ஆனால் அதை யார் கேட்கிறார்கள், எதற்குப் பதிலாகக் கேட்கிறார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

கனடாவின் நன்றி நாளுக்கே ஒரு கதை உண்டு. அது எப்போதும் விவசாயியின் நாளாக இருந்ததில்லை. 1872இல் வேல்ஸ் இளவரசர் கடும் காய்ச்சலிலிருந்து பிழைத்தமைக்காக அங்கே ஒரு நன்றி நாள் அறிவிக்கப்பட்டது. கோதுமை விதைக்கும் குடியானவனுக்கும் இங்கிலாந்து இளவரசரின் காய்ச்சலுக்கும் என்ன தொடர்போ! 1879 முதல் ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டது. முதலாம் உலகப் போருக்குப் பின், 1921 தொடக்கம் சில ஆண்டுகள், போர் ஓய்ந்த நாளும் இதுவும் ஒன்றாகவே அனுட்டிக்கப்பட்டன. இறுதியாக 1957 ஜனவரி 31ஆம் திகதியே அந்நாட்டுப் பாராளுமன்றம் இன்றைய நாளை நிலையாகக் குறித்து, விளைச்சலுக்கான நன்றி என்று கூறிற்று. மக்கள் எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்பதை மேலிருப்பவர் தீர்மானித்த காலம் எல்லா நாடுகளிலும் இருந்திருக்கிறது.

இன்னொன்று. அந்த விளைச்சலைத் தந்த நிலம் யாருடையது? அங்கிருந்த பழங்குடி மக்களுடையது. அவர்களது பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். தாய்மொழி பேசினால் தண்டனை. அப்பள்ளிகளிற் பலவற்றை நடத்தியவை திருச்சபைகளே என்பதைத் திருச்சபைப் பத்திரிகையாகிய இதில் மறைத்து எழுத முடியாது. 2021 முதல் கனடா செப்டெம்பர் 30ஆம் நாளை உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய தினமாக அனுட்டிக்கிறது. முதலில் உண்மையைச் சொல்லும் நாள். இரண்டு வாரத்துக்குள் நன்றி கூறும் நாள். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததாயினும் நல்ல வரிசை.

அதே கனடாவுக்கு மனமார நன்றி சொல்லக் கடமைப்பட்ட தமிழரும் உண்டு. 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்தில், உயிர்காப்புப் படகுகள் இரண்டில் 155 இலங்கைத் தமிழர் தத்தளித்துக்கொண்டிருந்தனர். அவர்களைக் கொண்டுவந்த கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவ்வழியே வந்த கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டார். "நீங்கள் யார், எந்த நாடு, கடவுச்சீட்டு எங்கே" என்று அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மற்றப் படகுகளுக்கும் கரையோரக் காவற்படைக்கும் செய்தி அனுப்பி, அனைவரும் கரை சேர வழி செய்தார்.

கரையேறிய பின் கதை அவ்வளவு இனிமையாக இல்லை. இந்தியாவிலிருந்து வந்தோம் என்று அவர்கள் முதலில் சொன்னது பொய், மேற்கு ஜேர்மனியிலிருந்தே புறப்பட்டனர் என்பது வெளியாயிற்று. இவர்களைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று அங்கு பலர் குரல் எழுப்பினர். ஆனாலும் இருக்கவும் வேலை செய்யவும் அரசு அனுமதி வழங்கியது. 30 ஆண்டுகள் கழித்து, 2016இல், அவர்களுட் சிலர் அதே கரைக்குத் திரும்பிச் சென்று தம்மைக் காத்தவர்களுக்கு நன்றி கூறினர். ஒருவரும் அவர்களை அழைத்துவந்து, நிற்கவைத்து, நன்றி சொல் என்று கேட்கவில்லை. தம் காலில் நின்று, தாமே போய்ச் சொன்னார்கள். எமக்குத் தெரிந்தவரையில் நன்றி என்பது இதுதான்.

இதனோடு நமது தோட்டங்களில் நடப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். கனடா நன்றி கூறும் அதே பருவத்தில் இங்கே தீபாவளி முற்பணம் வருகிறது. அதை வாங்கும்போது கும்பிட்டு வாங்குகிறோம். வாங்கித் தந்தது யார் என்று சங்கங்கள் தமக்குள் போட்டி போட்டு அறிக்கை விடுகின்றன. ஆனால் அது அன்பளிப்பா? அடுத்த மாதம் தொடங்கி, தவணை தவணையாக நம் சம்பளத்திலிருந்து வெட்டப்படும் பணம் அது. நாம் இன்னும் உழைக்காத உழைப்பை அடகு வைத்துப் பெற்ற கடனுக்கு நன்றியும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

தேயிலைக்கு அறுவடை நாள் என்று ஒன்று இல்லை. நெல்லுக்கு உண்டு, கோதுமைக்கு உண்டு. தேயிலையோ ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை துளிர்க்கிறது. ஆண்டு முழுதும் பறிக்கப்படுகிறது. இந்தா, வேலை முடிந்தது, இனி உட்கார்ந்து பார்த்து மகிழலாம் என்று கூடையை இறக்கி வைக்க ஒரு நாள் வருவதில்லை. பறித்த கொழுந்து நிறுவையோடு நம் கையை விட்டுப் போய்விடுகிறது. ஆயினும் தைப் பிறந்தால் லயத்து வாசலில் கோலமிட்டு, கடையில் வாங்கிய அரிசியில் பொங்கி, சூரியனுக்குப் படைக்கிறோம். சொந்த வயல் இல்லாதவர் வயலுக்கான பண்டிகையை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக விடாமல் காத்துவந்திருக்கிறார்கள். பலர் இதைப் பழக்கம் என்பர். நான் அதனை ஓர் உரிமைக் கோரிக்கையாகவே காண்கிறேன்.

2017இல் இலங்கைத் தேயிலையின் 150ஆம் ஆண்டு சிறப்பாகக் கொண்டாடப்பட்டது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் நினைவுகூரப்பட்டார். அவரை நினைப்பதில் தவறில்லை. காட்டை வெட்டியவர்களுக்கு நன்றி சொல்ல அவர்களது பேரப்பிள்ளைகளே கிளம்ப வேண்டியிருந்தது. 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி, அம்முன்னோர் வந்த வழியே, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை வரை அவர்கள் நடந்தார்கள். நாடு அவர்களுக்குச் சொன்ன நன்றி வேறு விதமானது: 1948இல் குடியுரிமை பறிப்பு; 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்; யார் இங்கே, யார் அங்கே என்று தலை எண்ணிப் பங்கீடு.

1970களின் பஞ்சத்திலும் 1977இன் வன்செயலிலும் மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனவர்களை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. இதை வாசிக்கும் சிலர் அக்குடும்பங்களைச் சேர்ந்தவர்களாகவே இருப்பீர்கள். காடு வெட்டி, கிணறு தோண்டி, முதன்முறையாகத் தம் கையால் விளைவித்த புதிரில் பொங்கினார்கள். பரம்பரையில் யாரும் அறியாத பொங்கல் அது. பின்னர் 1984இல் டொலர், கென்ற் பண்ணைகளிலிருந்து விரட்டப்பட்டவர் உண்டு. 2009இல் எல்லாவற்றையும் இழந்து மெனிக் பாம் முகாமுக்குள் வந்தவர் உண்டு. உழுதது அவர்கள்; ஆனால் பலரிடம் உறுதியோ அனுமதிப் பத்திரமோ இல்லை. கேட்டால், "அரிசி தந்தோம், கூரைத் தகடு தந்தோம், இன்னும் என்ன வேண்டும்" என்ற பதில்.

கொஸ்லந்தை மீரியபெத்தையிலும் இதுவே நடந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் காத்திருந்தனர். புதிய வீடுகள் கையளிக்கப்பட 2016 ஆயிற்று. வீடு கையளிப்பு விழாக்களைப் பார்த்திருப்பீர்கள். மாலை, மேளம், நாடா வெட்டுதல், வீடு பெறும் தாய் ஒருத்தி மேடையேறி நன்றியுரை. ஏழு பேர்ச் நிலம் அவளுக்குச் சேர வேண்டிய உரிமை. தாமதமாக வந்ததற்கு மேடையிலிருப்பவர் அல்லவா மன்னிப்புக் கேட்கவேண்டும்?

நன்றி சொல்லாதீர்கள் என்று நான் கூற வரவில்லை. மண் விழுந்த இரவில் மழையிலே கயிற்றைக் கட்டி இறங்கிய பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, பானையோடு சோறு கொண்டுவந்த சிங்களக் கிராமத்து அம்மாமாருக்கு, பாடசாலையைத் திறந்துவிட்ட அதிபர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அவர்கள் கஸ் டால்டனைப் போன்றவர்கள். அரசு செய்யக் கடமைப்பட்டதை அரசு செய்யும்போது அதைப் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வைத்தால் போதும்.

வேதாகமத்தில் உபாகமம் 26ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். முதற்பலனைக் கூடையில் கொண்டுவருபவன் வெறுமனே நன்றி என்று சொல்லிப் போவதில்லை. தன் முன்னோன் நாடோடியாய் அலைந்ததை, அந்நிய நாட்டில் அடிமையாக ஒடுக்கப்பட்டதை, பின் நிலம் பெற்றதை வரிசையாக ஆசாரியன் முன் சொல்கிறான். அதன் பின்னரே விருந்து. அதிலும் நிலமற்ற அந்நியனுக்குப் பங்கு உண்டு.

நமது சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு என்று கொண்டுவந்து படைத்து, பின் ஏலம் விடுகிறோம். இம்முறை கொண்டுவர ஒன்றுமில்லாத குடும்பங்கள் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடக்கூடும். அவர்களை அழையுங்கள். கூடையில் வைக்கக் காய் இல்லாவிட்டால், இழந்த காணியின் பெயரையும், எவ்வளவு நிலம், என்ன பயிர், எந்த ஆண்டிலிருந்து செய்தார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். வீட்டில் மூத்தவர் எழுந்து அதைச் சபைக்கு வாசிக்கட்டும். பொங்கலன்று லயத்து வாசலிலும் இதைச் செய்யலாம், கோவிலிலும் செய்யலாம். எழுதிய தாளில் ஒரு பிரதியை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். கிராம உத்தியோகத்தரையும் தோட்டத்துரையையும் அன்று அழைக்க மறவாதீர்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு, நல்ல தேநீராகக் கொடுத்து, கடைசிக் குடும்பம் வாசித்து முடிக்கும்வரை உட்கார வையுங்கள்.