வாட்ச்சுக்கு ஃபிலிம் ஒட்டணுமா?

மக்களே, ஆக்லாந்துல நம்ம பசங்க ஸ்மார்ட்வாட்ச் வாங்கின கையோட மேல ஒட்டறதுக்கும் ஒண்ணு வாங்கிடறாங்க. தேவையான்னா, அது வாட்ச்சைப் பொறுத்தது.

கீறலுக்கு முதல் எதிரி மணல்தான். மோஸ் அளவுல மணலோட குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி சுமார் 6, சஃபையர் 9. 2015-ல் வந்த முதல் ஆப்பிள் வாட்ச்லயே ஸ்டீல் மாடலுக்கு சஃபையர், அலுமினிய மாடலுக்குக் கண்ணாடி. சஃபையர்னா ஃபிலிம் காசு மிச்சம் (ஆனா கீழ போட்டா அதுவும் உடையும்!). கண்ணாடியா? மிஷன் பே மணல்ல ஆடறவங்களுக்கு மெல்லிசான ஃபிலிம் போதும். மூடின கேஸ் வேண்டாம். உள்ள மணல் சிக்கினா உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

இங்க 1993-ஆம் வருஷ நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் தரமில்லாத பொருளுக்குத்தான் துணை. நாம போட்ட கீறலுக்கு இல்லை. பார்ட்-டைம் வேலைக் காசு, பார்த்து செலவு பண்ணுங்கப்பா!