துணுக்கும் துணிபும்

அறியாதனவற்றை அறிதலால் வரும் இன்பம் பிற இன்பங்களைப் போன்றதன்று. பகிர்ந்தால் அது குறையாது, பெருகும். அதனாலன்றோ, "உமக்குத் தெரியுமா?" என்னும் வினாவோடு தொடங்கும் சிறு செய்திகளுக்கு எக்காலத்தும் ஒரு தனி மதிப்பு இருந்து வருகின்றது! முன்னாளில் அவை ஊர்த் திண்ணைகளிலும் பத்திரிகைகளின் மூலைகளிலும் இடம்பெற்றிருந்தன. இந்நாளிலோ மாணவர் கைப்பேசிகளில் நாழிகைதோறும் வந்து குவிகின்றன. அவற்றைத் துணுக்குகள் என்கிறோம்.

துணுக்குகளை இகழ்ந்து ஒதுக்கும் பெரியோர் சிலர் உளர். யாம் அக்கட்சியைச் சார்ந்தோமல்லேம். பெருநூல்களைத் திறக்கத் தயங்கும் இளைஞனையும் ஒரு சிறு வியப்பு அந்நூல்களின் வாயில்வரை அழைத்துச் செல்லக்கூடும். ஆயின் வாயிலிலேயே நின்றுவிடுதல் விருந்தாகாது. துணுக்கு என்பது கேட்டது. துணிபு என்பது ஆராய்ந்து கண்டது. முன்னையதிலிருந்து பின்னையதற்குச் செல்லும் பழக்கமே கல்வியெனப்படும். இதனை வலியுறுத்தவே இக்கட்டுரை எழுந்தது. எடுத்துக்காட்டுகளுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கோயிலும் தறியும் நிறைந்த காஞ்சிமாநகரும் அதன் சுற்றுப்புறமுமே போதும்.

ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று. இதனைக் கூறினவர் யார்? அவர் அதனை அறிந்த வழி யாது? கூறாது விட்டது யாது? இம்மூன்றையும் தாங்கி நிற்கும் செய்தியே பிறர்க்கு எடுத்துரைக்கத்தக்கது.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்று நம்மவருட் பலர் மிகுந்த பெருமையோடு கூறுவர். காலையிலாவது மாலையிலாவது அவ்விடத்துச் சென்று நிற்பவர் எவரும் அந்நிழல் நீண்டு கிடத்தலைத் தம் கண்ணாலேயே காணலாம். ஒளியை மறைக்கும் பொருள் எதுவாயினும் அதற்கு நிழல் உண்டென்பது சிறுவர் பாடப்புத்தகத்தில் உள்ளது. இப்பொய்யை நம்பினவர் இழப்பது யாது? உண்மையான வியப்பை இழக்கின்றனர். கருங்கற் பாறையே இல்லாத காவிரிச் சமவெளியில், வேற்றிடத்திலிருந்து அத்துணைக் கல்லையும் கொணர்ந்து, 1010-ஆம் ஆண்டளவில் அவ்வானளாவிய விமானத்தை எழுப்பி முடித்தனர் முதலாம் இராசராசன் காலத்துச் சிற்பியர். கல்லை எங்கே வெட்டினர், எவ்வாறு இழுத்தனர், எவ்வாறு மேலே ஏற்றினர் என்னும் வினாக்கள் ஒரு வாழ்நாளின் ஆராய்ச்சிக்குப் போதியவை. நிழலைப் பற்றிய கதையோ அவ்வினாக்கள் எழாதபடி வாயை அடைத்து விடுகின்றது.

இனி, முழுப்பொய்யினும் தீங்கு பயப்பது அரையுண்மை. காஞ்சிக்குத் தெற்கே உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரிய அவை ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரிவாக உரைக்கின்றன. உலகிலேயே முதன்முதல் மக்களாட்சி மலர்ந்தது இங்கேதான் என்று மேடைகளில் அடிக்கடி முழங்கக் கேட்கிறோம். கல்வெட்டு உண்மையில் கூறுவது யாது? அது பிராமணர் சபைக்குரிய விதி. கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும் உடையவராதல் வேண்டும், அகவை முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதைக் கடவாமலும் இருத்தல் வேண்டும், நூற்பயிற்சியும் வேண்டும். பெண்டிர்க்கும் நிலமற்றார்க்கும் அதில் இடமில்லை. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். எனவே அது வாக்கெண்ணும் தேர்தலன்று, திருவுளச்சீட்டு முறை. அத்தகைய சீட்டு முறை கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் அதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே வழங்கிற்று.

இவ்வாறு கூறுதல் உத்தரமேரூரின் புகழைக் குறைத்தலாகுமோ? ஆகாது. அக்கல்வெட்டின் உண்மைச் சிறப்பு வேறோரிடத்தில் உள்ளது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் அப்பதவிக்கு வருதல் கூடாது. முந்திய மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவரும் கூடாது என்று அது விதிக்கின்றது. பொதுப்பணத்தைக் கையாள்பவன் கணக்குக் காட்டல் வேண்டும் என்பதும், பதவி ஒருவர் கையிலேயே தங்கிவிடலாகாது என்பதும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்டன. இக்காலத்துக் கூட்டுறவுச் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் கற்கவேண்டிய பாடம் இதுவன்றோ? 'உலகில் முதன்மை' என்னும் ஆரவாரத்தில் இப்பாடம் அமுங்கிப் போயிற்று.

நிற்க. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராசசிம்மனால் எடுக்கப்பெற்றது. தமிழகத்தின் நடுவே நிற்கும் அக்கோயிலில் கன்னடக் கல்வெட்டொன்று உண்டு. பல்லவரை வென்று காஞ்சியைக் கைக்கொண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், அந்நகரை அழியாது விடுத்து, இக்கோயிலின் செல்வத்தையும் திருப்பியளித்தான் என்று அது அறிவிக்கின்றது. வென்றவன் தோற்றவன் கோயிலுக்குப் பொருளை மீட்டளித்தான் என்பது கேட்டார் நெஞ்சைக் கவரும் துணுக்கேயாகும். ஆயினும் நம் முதல் வினாவை மறத்தலாகாது. கூறினவர் யார்? வென்றவன் தரப்பினரே. தம் அரசனைத் தாமே புகழும் மொழியை அப்படியே ஏற்றல் தகுமோ?

இங்கேதான் ஆராய்ச்சி இன்பமாகின்றது. கோயில் இன்றும் அழியாது நிற்றல் ஒரு சான்று. அம்மன்னனின் தேவி லோகமாதேவி, காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயில் கைலாசநாதர் கோயிலின் சாயலைப் பெரிதும் ஒத்திருத்தல் மற்றொரு சான்று. படையெடுத்து வந்தோர் கோயிலைக் கண்டு மதித்தனர் என்பதற்குக் கல்லே சாட்சி. முன்பு கேட்ட துணுக்கு இப்பொழுது துணிபாக மாறுகின்றது; அதனோடு அதன் இனிமையும் இருமடங்காகின்றது.

கோயிலை விடுத்துத் தறிக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் பெயரை அறியாதார் இலர். ஆயின் அப்பட்டு நூல் காஞ்சியில் விளைவதன்று. மல்பெரியும் பட்டுப்புழுவும் வளரும் கன்னட நாட்டிலிருந்தே அது பெரும்பாலும் வருகின்றது. ஜரிகையோ நெடுங்காலமாகக் கூர்ச்சரத்துச் சூரத்து நகரிலிருந்து வருவது. பொன்ஜரிகை என்று பேர்பெற்ற அதில் பொன் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. பட்டிழையின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே நல்ல ஜரிகை. அங்ஙனமாயின் காஞ்சிக்கு உரியது யாது? கைத்திறன் ஒன்றே. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையுமாறு தனித்தனி ஊடைகளை ஓட்டி, அவை சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று பூட்டிச் செல்லும் கோர்வை முறைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவர்க்குத் துணையாக மற்றொருவர் கையும் வேண்டும். முந்தியின் பாவை உடலின் பாவோடு இழையிழையாகப் பிணைக்கும் வேலைக்குப் பிட்னி என்று பெயர். நூல் ஓரூரது, ஜரிகை வேறோரூரது. புகழ் மட்டும் நெய்தவர் ஊரது. ஓர் ஊரின் செல்வம் அதன் மண்ணிலன்றி மாந்தர் விரலிலும் இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அத்தறியின்மேல் தொங்கும் துளையிட்ட அட்டைகளைச் சிறிது நோக்குமின். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டில் அமைத்த பொறி அது. துளையுள்ள இடத்தில் இழை எழும்பும். இல்லாத இடத்தில் எழும்பாது. இவ்வாறே பூவும் அன்னமும் துணியில் தோன்றுகின்றன. அதற்கு முன்னர்க் காஞ்சி நெசவாளர் கோலத்தை நூலாலேயே கட்டிவைத்து நெய்யும் அடை என்னும் முறையைக் கையாண்டனர். ஜக்கார்டின் அட்டையைக் கண்ட சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், தாம் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்குக் கட்டளையிடவும் அத்தகைய அட்டைகளையே தேர்ந்தார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கும் துளையட்டைகளைக் கொண்டே எண்ணப்பட்டது. தறியே உலகின் முதற் கணினி என்று சிலர் கூறுவர். அது மிகை, தறி கணக்கிடுவதில்லை. ஆயின் கட்டளையை முன்னதாகவே எழுதிவைத்துப் பொறியை இயக்கலாம் என்னும் கருத்து நெசவுச்சாலையிலிருந்தே கணினிக்குச் சென்றது என்பது உண்மை. கணினி பயிலும் மாணவர் எத்தனை பெயர் இதனை நெசவாளர் தெருவிற் சென்று கண்டிருப்பர்?

"இவையெல்லாம் பொழுதுபோக்கு, ஆராய்ந்தால் என்ன, ஆராயாவிட்டால் என்ன?" என்று வினவுவாரும் உளர். அவர்க்கு விடை கடைத்தெருவில் கிடைக்கும். விசைத்தறியில் நெய்த துணியைக் கைத்தறியென்றும், செயற்கையிழையைத் தூய பட்டென்றும், செம்பு ஜரிகையைப் பொன்ஜரிகையென்றும் விற்பார் உள்ளனர். வாங்குபவர் பளபளப்பையும் பெயரையும் கேட்டு மயங்குகின்றனர். அங்ஙனம் விற்கும் ஒவ்வொரு சேலையும் குழித்தறியில் நாட்கணக்காக அமர்ந்து நெய்தவர் கூலியில் மண்ணிடுகின்றது. எளிய சோதனை ஒன்றுண்டு. பட்டிழை ஒன்றை எடுத்துக் கொளுத்தினால் மயிர் தீய்ந்த நாற்றம் எழும். சாம்பல் விரலிற் பொடியும். ஏனெனில் பட்டும் மயிரும் ஒருவகைப் புரதமே. செயற்கையிழையோ உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். இது வேதியியல் வகுப்பின் முதற்பாடம். அதுவே நெசவாளர் குடும்பத்தின் உலைக்கும் காவல். பட்டிற்கென்று 2004-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பட்டு முத்திரையும், காஞ்சிப் பட்டு பெற்ற புவிசார் குறியீடும் இதே நோக்கினவாம். ஆயின் வாங்குபவர் கேள்வி கேளாதவரை எம்முத்திரையும் பயன்படாது. ஆராயாது நம்பும் பழக்கம் துணுக்கில் தொடங்கித் துணிக்கடையில் முடிகின்றது.

மற்றொரு தடையும் உண்டு. "நம் நாட்டுப் பெருமைக்காகச் சிறிது மிகைப்படுத்தினால் என்ன குற்றம்?" என்பர். குற்றம் உண்டு. பொய்யான புகழ் ஒன்று வெளிப்பட்டால், அதனருகே நிற்கும் மெய்யான புகழும் ஐயத்திற்கு இடமாகின்றது. நிழலைப் பற்றிய கதை பொய்யென்று கண்ட அயலான், குடவோலையைப் பற்றிய செய்தியையும் நம்பத் தயங்குவான். கலப்படப் பட்டு நல்ல பட்டின் விலையைக் கெடுப்பது போன்றதே இது. தமிழர்தம் உண்மைச் செல்வம் மிகுதியாயிருக்கப் போலிச் செல்வத்தை நாடுதல் பொருந்துமோ?

ஆதலின் மாணவ நண்பர்களுக்கு யாம் கூற விழைவது இதுவே. துணுக்குகளைப் படியுங்கள்; மகிழுங்கள்; ஆயின் பிறர்க்கு அனுப்புமுன் ஒரு கணம் நில்லுங்கள். முன் கூறிய மூன்று வினாக்களையும் கேளுங்கள். நூல்நிலையத்தில் தேடக்கூடியதைத் தேடுங்கள். நடந்து சென்று காணக்கூடியதைக் கண்டு வாருங்கள். நெசவாளர் வீட்டு முதியோரிடம் அடையைப் பற்றியும் பிட்னியைப் பற்றியும் கேட்டு எழுதி வையுங்கள். எந்நூலிலும் ஏறாத தொழிற்சொற்கள் பல அவர்கள் நாவில் உள்ளன. அவர்களோடு அவையும் மறையுமாயின் எந்தக் கைப்பேசியும் மீட்டுத் தராது.

அவ்வாறு திரட்டியவற்றை ஆண்டுதோறும் இவ்விதழின் தமிழ்ப் பகுதியில் இரண்டு பக்கங்களேனும் வெளியிடலாம். ஒவ்வொரு செய்தியின் கீழும் அதனை எவ்விடத்து, எவ்வாறு கண்டறிந்தோம் என்பதும் குறிக்கப்பெறல் வேண்டும். அப்பக்கங்களைப் படிப்போர் வியப்பது மட்டுமன்றி நம்பவும் செய்வர். கல்லூரி ஒன்று தன் ஊருக்குச் செய்யக்கூடிய தொண்டுகளுள் இது சிறிதன்று.