நான் நடத்தாமல் விட்ட பாடம்



போன மாதம் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு போன் வந்தது. என் பழைய மாணவன் ஒருவனின் மகன், வெளியூரில் வேலை பார்க்கிறான். (அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று தேடாதீர்கள்.) "தாத்தா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தான். பாதுகாப்பில்லாமல் உறவு வைத்துக்கொண்டுவிட்டான். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று பயம்.

எத்தனை நாளாச்சுப்பா என்றேன். ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளும் தூங்காமல் யூடியூப் பார்த்திருக்கிறான். இப்படிப்பட்ட நேரத்தில் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால், தொற்று வராமல் தடுக்கும் மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த வாய்ப்பு அவனுக்குப் போய்விட்டது. யாரும் சொல்லவில்லை. யார் சொல்லியிருக்க வேண்டும்? அவன் அப்பா. அவன் அப்பாவுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? நான்.

பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தால், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று அடுத்த பாடத்துக்குத் தாவியவன் நான். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இந்தியாவில் இந்தத் தொற்றை முதலில் கண்டறிந்ததே நம் சென்னையில்தான், 1986இல், டாக்டர் சுனிதி சாலமனின் குழு. அதைக்கூட வகுப்பில் சொன்னதில்லை. பின்னால் சுவரெல்லாம் புள்ளிராஜா விளம்பரம் வந்தபோது, ஒரு பையனை மற்றவர்கள் அந்தப் பெயர் சொல்லிக் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று என் தம்பி இப்போதும் வாதாடுகிறான். 2007 வாக்கில் பல மாநில அரசுகளும் இதைச் சொல்லித்தான் வளரிளம் பருவக் கல்வியை நிறுத்தின. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோவோ, இந்தக் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் உறவைத் தொடங்குவதில்லை என்கிறது. கையில் போன் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாதது எதுவுமில்லை. கேட்க ஒரு ஆள்தான் இல்லை.

மறுநாளே அவனை அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போகச் சொன்னேன். பரிசோதனை இலவசம், முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். நம் சம்மதமில்லாமல் சோதிக்கவோ முடிவை வெளியில் சொல்லவோ கூடாது என்று 2017இல் சட்டமே வந்திருக்கிறது. இப்போதைக்குத் தொற்று இல்லை என்று வந்திருக்கிறது. ஆனால் ஒன்பது நாளில் எதுவும் தெரியாது, மூன்று மாதம் முடிந்து மறுபடி பார்க்க வேண்டும். காத்திருக்கிறோம். இருந்தாலும் பயப்படாதே என்றேன். 2004லிருந்து அரசே கூட்டு மருந்து இலவசமாகத் தருகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவு மூலம் பிறருக்குப் பரவாது. கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு.

ஆணுறை என்ற சொல்லை அவனிடம் சொல்ல எனக்கு எழுபது வயது ஆக வேண்டியிருந்தது!

பிள்ளைகள் காலேஜுக்கோ வேலைக்கோ வெளியூர் கிளம்பும்போது ஏ.டி.எம். கார்டு, ஆதார் நகல் எல்லாம் எடுத்து வைக்கிறீர்களே, அப்போது 1097 என்ற இலவச உதவி எண்ணையும் போனில் போட்டுக் கொடுங்கள். குடும்பத்துப் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்கப்போகிற அத்தைமார்களுக்கு: அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் எழுதினேன். வாட்ஸ்அப்பில் கேட்கத் தயங்கும் பிள்ளைகள் எனக்கு போன் செய்யலாம். பதினொரு மணி ஆனாலும் எடுப்பேன்.