பி.டி. பீரியடைப் பிடுங்காதீர்கள்

23 வருடமாக மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் ஒரு பையன். 52-இலிருந்து 27 போக எவ்வளவு? பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கி 2-ஐ 12 ஆக்குவான். அதற்குள் ஜன்னலில் ஒரு காக்கா. திரும்பும்போது கடன் வாங்கியதே மறந்திருக்கும். 5 ஐந்தாகவே நிற்கும். விடை 35. கழித்தல் அவனுக்குத் தெரியும். வாங்கிய கடனை மனதில் பிடித்து வைக்கத்தான் முடியவில்லை.

திமிர் என்று நினைத்து அவனுடைய பி.டி. பீரியடைப் பிடுங்கினேன். அது தப்பு. மற்ற ஆசிரியர்களும் அதைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவனுக்கு இருந்தது ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு. அதன் அடிப்படைச் சிக்கல் தன்னை ஒரு நொடி நிறுத்திக்கொள்ள முடியாததுதான் என்று 1997-லேயே எழுதினார் அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி. 2007-இல் வந்த பிலிப் ஷா குழுவின் ஸ்கேன் ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளின் மூளைப் புறணி முதிர்வது ஏறத்தாழ மூன்று வருடம் தள்ளிப்போயிருந்தது. தாமதம் முன்பகுதியில்தான் அதிகம். எட்டு வயதுக் குழந்தையிடம், இன்னும் வராத அடக்கத்தைக் கேட்டு அடிக்கிறோம், வெளியே நிற்க வைக்கிறோம்.

நான் மாற்றியது கொஞ்சம்தான். பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. கடன் வாங்கியதும் 5-ஐ அடித்து மேலே 4 எழுது, பிறகு என்னைப் பார். மைதானத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து அவன் போட்ட முதல் கணக்கு அதன் பிறகு பெரும்பாலும் சரியாக இருந்தது.